தம்பி, கம்ப்யூட்டர் அனுப்ப வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, காலையில் வயல் வரை நடந்து போய் வருகிறார். சம்பா பால் பிடிக்கிற நேரம். தண்ணீர் இந்தத் தடவை நம் மடை வரைக்கும் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போனில், "அந்தப் பழசைத் தூக்கிப் போடும்மா, புதுசு ஒன்று அனுப்பறேன்" என்று சொன்னாய். உன் மனசு எனக்குத் தெரியும். ஆனால் போனில் எனக்குக் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. அதனால் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இதை டைப் அடிக்கிறேன். புதுசு வேண்டாம் தம்பி. இது இப்போது நன்றாக ஓடுகிறது. எப்படி ஓட வைத்தேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், உன் லேப்டாப்பும் இழுக்கிறது என்று சொன்னாயே.

2014-இல் நீ காலேஜ் சேர்ந்தபோது வாங்கியது இது. 2018 நவம்பர் 16, கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறிய அந்த ராத்திரிக்கு முன்னால், நானும் அப்பாவும் இதைப் பாலிதீன் சாக்கில் சுற்றிப் பரண்மேல் ஏற்றினோம். வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வந்த அன்றைக்குப் போட்டதும் எழுந்துகொண்டது. நீ அப்போது வேலைக்குப் போய்விட்டாய், இதெல்லாம் பார்க்கவில்லை.

போன வருஷம் ஐப்பசி கடைசியில்தான் எனக்கு மனசு விட்டுப் போனது. பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள். அடங்கல், ஆதார், பாஸ்புக் எல்லாம் நகல் எடுக்க நம் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பேர். பட்டனை அழுத்தினால் திரை வர எட்டு நிமிஷம், ஒரு பக்கம் பிரிண்ட் போவதற்குள் இன்னும் அவ்வளவு. பெரியவர் ஒருவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மழையோடு பஸ் பிடித்துத் திருத்துறைப்பூண்டிக்குப் போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

டவுனில் ஒரு கடைக்குத் தூக்கிப் போனோம். கழற்றிக்கூடப் பார்க்காமல் "போர்டு போச்சு, புதுசு வாங்கிக்கோங்க" என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் படித்த இன்ஸ்டிடியூட்டில் மாஸ்டர் ஒன்று சொல்லிக் கொடுத்தார்: எந்த எழுத்து சிக்குகிறது என்று பார்க்காமல் மெஷினுக்கு எண்ணெய் விடக் கூடாது. அதே போல் இதிலும் எது சிக்குகிறது என்று பார்க்க வழி இருக்க வேண்டும் அல்லவா?

இருந்தது. பாலிடெக்னிக் படிக்கிற எதிர்வீட்டுப் பெண் காட்டிக் கொடுத்தாள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், உள்ளே எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுகிற டாஸ்க் மேனேஜர் வரும். பிராசசர் பத்து சதவீதம்கூட வேலை செய்யவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தது. டிஸ்க் மட்டும் 100 சதவீதம், இறங்கவே இல்லை. ஓடுகிற புரோகிராமைத் தற்காலிகமாக வைத்துக்கொள்கிற ரேம், 4 ஜிபியும் ஏறக்குறைய நிரம்பியிருந்தது.

பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டு ஒன்று நிமிஷத்துக்கு 7,200 தடவை சுற்றுகிறது. அதன்மேல் ஊசி போல ஒரு கை ஓடி ஓடிப் படிக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடப்பதை வினாடிக்கு நூறு இடம் போலத்தான் அதால் தேடி எடுக்க முடியும். கம்ப்யூட்டர் எழுந்ததும் பத்துப் பதினைந்து புரோகிராம் ஒரே சமயத்தில் அந்தக் கையைக் கூப்பிடுகின்றன. முறை வைக்காமல் ஆளுக்கொரு மடையை வெட்டிவிட்டால் கடைசி வயலுக்கு என்ன வரும்? அதுதான் நடந்தது. ரேம் நிரம்பிப் போனால் மிச்சத்தையும் அந்த டிஸ்க்கிலேயே கொண்டு போய் வைக்கிறது, அது இன்னும் திணறுகிறது.

முதலில் காசு செலவில்லாததைச் செய்தேன். டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்டார்ட்அப் என்று ஒரு பக்கம் இருக்கிறது. நமக்கு வேண்டாததை எல்லாம் அங்கே டிசேபிள் செய்தேன். வீடியோ பேசுகிற புரோகிராம், உன் பழைய கேம் ஒன்று, எப்போதோ போட்ட பிரிண்டரின் சாப்ட்வேர் என்று ஒன்பது இருந்தன. வெளியிலிருந்து போட்ட ஆன்டிவைரஸ் இரண்டு இருந்தது, ஒன்றையொன்று சந்தேகப்பட்டு எல்லா ஃபைலையும் இரண்டு தரம் படித்துக்கொண்டு. இரண்டையும் எடுத்துவிட்டேன், விண்டோஸோடு வருவதே நமக்குப் போதும். "உங்கள் கம்ப்யூட்டரை வேகமாக்குகிறோம்" என்று திரையில் குதிக்கிற எதையும் நான் தொடுவதில்லை, நீயும் தொடாதே.

எட்டு நிமிஷம் ஐந்தானது. அவ்வளவுதான்.

அப்புறம்தான் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற எஸ்.எஸ்.டி. வாங்கினேன், 240 ஜிபி. அதற்குள் சுற்றுகிற தட்டும் கிடையாது, ஓடுகிற கையும் கிடையாது. பழையதில் இருந்த குப்பையை அப்படியே நகல் எடுக்காமல் விண்டோஸைப் புதிதாகப் போட்டோம். ரேம் இன்னொரு 4 ஜிபி சேர்த்தோம். இதற்கு டி.டி.ஆர். 3 வகை ரேம்தான் பொருந்தும், டி.டி.ஆர். 4 வாங்கினால் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், உள்ளேயே போகாது. எல்லாம் மூவாயிரத்துக்குள் முடிந்தது. தம்பி, இப்போது பட்டனை அழுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் திரை வந்துவிடுகிறது. முதல் நாள் நான் நாலைந்து தடவை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். அப்பாவைக் கொல்லையிலிருந்து கூப்பிட்டுக் காட்டினேன்.

பெட்டியைத் திறந்தபோது உள்ளே பார்க்கச் சகிக்கவில்லை. அறுவடை மெஷின் ஓடுகிற மாசியில் வைக்கோல் தூசி வீடெல்லாம் வரும், உனக்குத் தெரியும். அது ஃபேனுக்குக் கீழே இருக்கிற தகடுகளுக்கு நடுவே கம்பளி மாதிரி படிந்திருந்தது. மூலையில் இரண்டு பல்லி முட்டை. காற்று போக வழி இல்லை என்றால் பிராசசர் சூடாகும், கருகிவிடாமல் இருக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, என் டைப்ரைட்டர் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். இப்போது வருஷத்துக்கு இரண்டு தரம், அறுவடை முடிந்து ஒன்று, மழைக்கு முன்னால் ஒன்று. பின்பக்க ஓட்டைகளுக்கு மெல்லிய கொசுவலைத் துணி ஒட்டியிருக்கிறேன், காற்று போய் வர வழி இருக்கிறது.

யு.பி.எஸ். பேட்டரியும் மாற்றியாயிற்று. டிஸ்க்கில் ஏதாவது பதிந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அதற்குக் கெடுதல்.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் முடியவில்லை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு நின்றுவிட்டது. 11 இதில் ஏறாது, பிராசசர் நாலாம் தலைமுறை, அது எட்டாவது கேட்கிறது. இப்போதைக்கு மைக்ரோசாஃப்ட்டின் நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்து வைத்திருக்கிறேன், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். அதற்குள், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் மின்ட்டுக்கு மாறிவிடலாம் என்று இருக்கிறேன். எனக்கு இருந்த பயமெல்லாம் தமிழ் டைப்பிங் பற்றித்தான். பத்தொன்பது வயதிலிருந்து என் விரல் தமிழ்த் தட்டச்சு முறையில் பழகியது, தமிழ்99 என்கிற இன்னொரு விசைப்பலகை முறைக்கு மாற வரவில்லை. லினக்ஸிலும் அந்தத் தட்டச்சு முறை இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். நீ வரும்போது பென் டிரைவில் போட்டு, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்ப்போம்.

சரி, உன் லேப்டாப். அதில் ஏற்கனவே எஸ்.எஸ்.டி. இருக்கிறது, அதனால் என் மருந்து உனக்கு அப்படியே பொருந்தாது. மெதுவாகிற அந்த நேரத்திலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார். ரேம் நிரம்பியிருந்தால் பிரவுசரில் நாற்பது ஜன்னல் திறந்து வைத்திருப்பாய், மூடு. சி டிரைவில் கொஞ்சமாவது காலி வை, ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் நல்லது. எஸ்.எஸ்.டி. விளிம்பு வரை நிரம்பினால் எழுதுவதற்கு இடம் தேடித் தவிக்கும். சிதறிக் கிடப்பதை ஒழுங்காக அடுக்குகிற டிஃப்ராக் என்று எதையும் அதில் போடாதே, விண்டோஸே பார்த்துக்கொள்ளும். அப்புறம், வீடியோ காலில் பார்த்தேன், மெத்தைமேல் வைத்து வேலை செய்கிறாய். அடியில் காற்று இழுக்கிற வழி அடைந்து போகும். ஒரு பலகை வைத்துக்கொள். உன் கழுத்துக்கும் அது நல்லது.

பழைய ஹார்ட் டிஸ்க்கை நான் வீசவில்லை. பருத்தித் துணியில் சுற்றி, உப்புக் காற்று படாமல் பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். உன் காலேஜ் படம், புராஜெக்ட், தாத்தா கடைசியாகப் பேசின வீடியோ எல்லாம் அதில்தான் இருக்கிறது. வீடியோவை மட்டும் இரண்டு இடத்தில் நகல் எடுத்து வைத்தேன். மற்றதில் எது வேண்டும், எது வேண்டாம் என்று எனக்குத் தெரியவில்லை, ஒன்றையும் அழிக்கவில்லை. பொங்கலுக்கு வரும்போது நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா