பாப்பாவுக்கு, அந்த போர்டு விஷயமா

பாப்பா,

ஃபேமிலி குரூப்ல நீ போட்ட போட்டோல அம்மா பனியப் பாத்து சந்தோஷப்பட்டா, நான் உனக்குப் பின்னாடி கேட்ல தொங்குற செக் பாஷை போர்டத்தான் பெருசு பண்ணிப் பாத்தேன். ப்ரோதெய், ரோதின்னீ தூம், 4+1. விக்கிறதுக்கு, வீடு, அது புரிஞ்சுது. ஆனா எனக்குத் தெரிஞ்ச ருஷ்யன்ல ரோதினான்னா தாய்நாடு. கூடங்குளம் ட்ரெயினிங்குக்கு ருஷ்யா போனப்ப வோல்கோகிராத்ல பாத்தேனே, வாளத் தூக்கிட்டு நிக்கிற 85 மீட்டர் அம்மா செல, 1967ல வச்சது, நம்ம ஹால்ல போட்டோ தொங்குதே, அதுக்குப் பேரே ரோதினா-மாத்தான். அதனால ஏதோ சர்க்கார் கட்டடம்னு நெனச்சேன்.

தேடிப் பாத்தா செக்ல ரோதினான்னா குடும்பமாம். ஸ்லோவாக், உக்ரைன்லயும் அதேதான், போலிஷ்ல ரொஜீனா. பல்கேரியாக்காரன் மட்டும் ருஷ்யன் பக்கம். எல்லாத்துக்கும் வேரு 'ரோத்', பிறப்பு, குலம். பொறந்த மண்ண ஒருத்தன் புடிச்சுக்கிட்டான், கூடப் பொறந்தவங்கள இன்னொருத்தன். செக்ல தாய்நாட்டுக்கு வ்லாஸ்த்ங்கறாங்க, அதையே ருஷ்யால சொன்னா அதிகாரம், ஆட்சி. (ரெண்டையும் ஒண்ணாக்கப் பாக்குறவங்களுக்கு வசதிதான்.)

ஆக அது குடும்ப வீடு. 4+1ன்னா தனி கிச்சனோட நாலு ரூமாம். ஒருத்திக்கு எதுக்கு நாலு ரூமுன்னு நான் கேக்கல.

எதுல கையெழுத்துப் போட்டாலும் படிச்சுட்டுப் போடு. நான் சொல்லிக்குடுத்த ருஷ்யன வச்சு செக்கப் படிக்காத. செக்ல செர்ஸ்த்வீ ரொட்டின்னா இப்ப சுட்டது, ருஷ்யால அதே வார்த்தை காஞ்சுபோன ரொட்டி. ரொட்டின்னா தூக்கிப் போட்டுரலாம், பத்திரத்த என்ன பண்றது? எம்பொண்ணு செக் நாட்டு ப்ர்னோல ஆபீஸ் முழுக்க அவங்க பாஷையிலயே பேசறான்னு இங்க பாக்குறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டுத் திரியறேன், அவ்வளவு பேசறவ பொங்கலுக்கு அப்புறம் எங்ககிட்ட 'ம்'முக்கு மேல பேசல.

சின்ன அத்தை விஷயத்துல தாத்தா என்ன பண்ணாருன்னு உனக்குத் தெரியும். நான் தாத்தா இல்ல. அவ்வளவுதான் சொல்வேன்.

ஞாயித்துக்கிழமை அம்மா கூப்பிடுவா, எடு. பணம் கொறஞ்சா அந்த எஃப்டி இருக்கு, ஒடச்சுக்கலாம். எல்லாப் பக்கத்தையும் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு. பத்திரம் ஒரு பேர்லயா ரெண்டு பேர்லயான்னு மட்டும் எனக்குத் தனியா மெசேஜ் பண்ணு, பேர் என்னன்னு அப்புறம் சொல்லலாம்.

அப்பா