கதவு திறக்கும் முன் ஒரு மணி நேரம்: மாதிரி ரயில் கண்காட்சி அமைப்பாளர்களுக்குத் திறந்த மடல்

அன்புள்ள அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். நீராவிக் கால லேஅவுட்டுகளை, அதாவது பலகைமேல் கட்டிய குட்டி ரயில் காட்சிகளை, படமெடுப்பவர்கள் நாங்கள். ஒரு கோரிக்கையோடு எழுதுகிறோம். கண்காட்சி நாளில் பொதுமக்களை உள்ளே விடுவதற்கு முன் ஒரு மணி நேரத்தைப் படமெடுப்பவர்களுக்கு ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் கூரை விளக்குகளை அணைத்துவைக்க அரங்கத்தாரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். தடுப்புக் கயிற்றைத் தாண்டி லேஅவுட்டின் விளிம்பு வரை வர அனுமதியுங்கள். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஆனால் இது கிடைக்காததால்தான் அருமையான நீராவிக் கால லேஅவுட்டுகள்கூடப் படத்தில் மேசைமேல் வைத்த பொம்மையாகத் தெரிகின்றன.

கண்காட்சிக்கு வரும் லேஅவுட் பெரும்பாலும் நிலைத்திருப்பதில்லை. பிரித்து, ஏற்றி, இறக்கி, மறுபடி பூட்டிச் சில ஆண்டுகளில் தேய்ந்துபோகிறது. கட்டியவருக்கு இடமோ உடல்நலமோ குறைந்தால் அதோடு முடிந்தது. ஜான் அஹெர்ன் கட்டிய மேடர் வேலி ரயில்வே இங்கிலாந்தின் லாங் விட்டனம் கிராமத்தில், பெண்டன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. எல்லா லேஅவுட்டுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. மற்றவற்றுக்கு மிஞ்சுவது படம் மட்டும்தான்.

முதலில் உயரம். பிரிட்டிஷ் 00 அளவை எடுத்துக்கொள்வோம்: அடிக்கு 4 மி.மீ., அதாவது ஏறத்தாழ 1:76. பார்வையாளரின் கண் பலகைக்கு மேல் 60 செ.மீ. உயரத்தில் இருக்கிறதென்றால், அந்தச் சின்ன உலகில் அது 45 மீட்டர். 1930களின் கிராமத்து ஸ்டேஷனை அந்த உயரத்திலிருந்து யார் பார்த்திருப்பார்கள்? பிளாட்பாரத்தில் நிற்கும் பொம்மை ஆளின் கண், பிளாட்பாரத் தளத்திலிருந்து வெறும் 21 மி.மீ. மேலே இருக்கிறது. கேமரா அங்கே இறங்கவேண்டும். பெரிய கேமராவைப் பலகைமேலேயே உட்காரவைத்தாலும் லென்ஸின் மையம் 4 அல்லது 5 செ.மீ. உயரத்தில் நின்றுவிடும். அது சிக்னல் கேபின் ஜன்னலிலிருந்து பார்க்கும் பார்வை. நல்ல கோணம்தான், ஆனால் தரையில் நிற்பவரின் கோணம் அல்ல. டிரைபாடை லேஅவுட்டுக்கு வெளியே நிறுத்தி, கேமராவின் அடிப்பாகம் பலகை மட்டத்துக்குக் கீழே போகும்படி இறக்கினால்தான் லென்ஸ் சரியான உயரத்துக்கு வரும். அதற்கு விளிம்பை ஒட்டி நிற்கவேண்டும். கயிற்றுக்கு அப்பாலிருந்து இது நடக்காது.

கைபேசி இந்த இடத்தில் பெரிய கேமராவை வென்றுவிடுகிறது. அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் லென்ஸ் கீழ் விளிம்புக்கு வந்துவிடும். பலகையிலிருந்து 1 முதல் 2 செ.மீ. உயரம்தான். அரிசி நிரப்பிய சின்னத் துணிப்பையில் சாய்த்து நிறுத்தினால் அசையாது. மணல் பை வேண்டாம். ஒரு மணல் துகள் தண்டவாள இணைப்பில் விழுந்தாலும் அன்றைய ஓட்டம் கெடும். கிட்டே போனதும் மேக்ரோவுக்கு, அதாவது மிகக் கிட்டத்தில் எடுக்கும் முறைக்கு, தானாகத் தாவும் வசதியை அணைத்துவிட வேண்டும். தாவியதும் கைபேசி அகலக் கோண லென்ஸுக்கு மாறிவிடும், நேரான பாய்லர் வளைந்து தெரியும்.

கேமரா இறங்கியதும் அடுத்த வம்பு வெளியே வரும்: பின்திரை. அடிவானம் எப்போதும் பார்ப்பவரின் கண்மட்டத்தில்தான் இருக்கும். நின்று பார்ப்பவருக்காக வரைந்த திரையில் மலைக்கோடு உயரத்தில் இருக்கும். கீழே இறங்கிப் பார்த்தால் நிலம் மேல்நோக்கிச் சரிவதுபோல் ஒரு கோளாறு. சில லேஅவுட்டுகளில் திரையே இருக்காது, எஞ்சினுக்குப் பின்னால் தேநீர்க் கடைப் பலகையும் நாற்காலிகளும் தெரியும். இரண்டுக்கும் ஒரே மருந்து: 1.2 மீட்டருக்கு 2.4 மீட்டர் அளவில் பளபளப்பில்லாத வெளிர்நீலத் தாள், இரண்டு தாங்கிகளோடு. மடித்துக் கொண்டுவந்தால் மடிப்புக்கோடு வானத்தில் தெரியும். சுருட்டித்தான் கொண்டுவர வேண்டும். இப்படி ஒன்றை நீங்களே அரங்கில் வைத்திருந்தால் எல்லா லேஅவுட்டுக்கும் அதுவே போதும்.

ஒரு மணி நேரம் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் நேரமெல்லாம் போவது கூர்மையைப் பிடிப்பதில்தான். ஏ.பி.எஸ்.-சி எனும் நடுத்தர அளவுச் சென்சார், 35 மி.மீ. லென்ஸ், ஒளி நுழையும் துவாரம் எஃப் 11, 50 செ.மீ. தொலைவு என்று வைத்துக்கொண்டால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 8 செ.மீ. புகழ்பெற்ற ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன் எஞ்சின், கரியும் நீரும் சுமக்கும் டெண்டர் வண்டியோடு நிஜத்தில் 70 அடி; 00 அளவில் 28 செ.மீ. ஆக, மூக்கு கூர்மையாக இருந்தால் டெண்டர் மங்கிவிடும். மங்கலைக் கண்டதும் மூளை ‘இது சின்னப் பொருள்’ என்று தீர்மானித்துவிடுகிறது, ஏனென்றால் நிஜ ரயிலை 38 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் இப்படி மங்காது. துவாரத்தை எஃப் 22 வரை சுருக்கினாலோ ஒளி சிதறிப் படம் முழுவதும் மழுங்கும். பிலிம் காலத்தில் ஊசித்துளை அளவுக்குத் துவாரத்தைச் சுருக்கி நிமிடக் கணக்கில் திறந்துவைத்தார்கள். ஆழம் கிடைத்தது, நுணுக்கம் போனது.

இன்றைய வழி, குவியத்தை நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக அடுக்குவது. 30 செ.மீ. முதல் 1.5 மீட்டர் வரை கூர்மை வேண்டுமென்றால் மேலே சொன்ன லென்ஸில் எட்டுப் படம் கணக்குக்குப் போதும். ஒன்றன்மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்கு ஏறி நிற்கவேண்டும் என்பதால் பன்னிரண்டு எடுக்கிறோம். கிட்டே இருக்கும்போது குவிய வளையத்தை மிகச் சிறிதாகத்தான் நகர்த்தவேண்டும்: 30 செ.மீ. தொலைவில் ஆழம் 3 செ.மீ.கூட இல்லை. ஐ.எஸ்.ஓ. 100 (சென்சாரின் ஒளியுணர்வு), வெளிச்ச அளவு, வண்ணச் சமநிலை மூன்றையும் கைமுறையில் பூட்டி, டிரைபாடில் இருக்கையில் லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்து, 2 நொடி டைமரில் எடுக்கிறோம். இந்தப் பன்னிரண்டு படங்களுக்குள் எதுவும் அசையக்கூடாது. மரத்தளத்தில் ஒருவர் நடந்தாலே பலகை நடுங்கும். மின்விசிறிக் காற்றில் கம்பியால் செய்த மாதிரி மரத்தின் இலை ஆடினால் அடுக்கிய படத்தில் அந்த மரம் இரட்டையாகத் தெரியும். மக்கள் நிறைந்த அரங்கில் இதைச் செய்யவே முடியாது. ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டேக்கர் போன்ற மென்பொருள்கள் நன்றாகவே அடுக்குகின்றன. சிக்னல் கம்பம், தந்திக் கம்பி ஆகியவற்றின் ஓரத்தில் மட்டும் ஒளிவட்டம் விழும். அந்த இடத்தை மூலப் படத்திலிருந்து எடுத்துக் கையால் சரிசெய்கிறோம்.

ஒளிதான் உங்கள் கையில் முழுவதுமாக இருப்பது. கூரையில் இருபது விளக்கு எரிந்தால் ஒரு தந்திக் கம்பத்துக்கு நாலைந்து நிழல் விழும். வெளியுலகில் ஒரே சூரியன், ஒரே நிழல். அதோடு, இங்கிலாந்தில் சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை. லண்டனில் கோடை நண்பகலில்கூட 62 பாகைதான். தலைக்கு நேர் மேலிருந்து விழும் வெளிச்சம் பாய்லரின் முதுகை மட்டும் வெளுக்கவைத்து, சக்கரங்களையும் அவற்றை இயக்கும் ராடுகளையும் இருளில் தள்ளுகிறது. நீராவி எஞ்சினில் பார்க்கவேண்டியதே அந்தச் சக்கரங்களும் ராடுகளும்தானே! ஒரே விளக்கை 40 பாகை உயரத்தில், குறைந்தது 2 மீட்டர் தள்ளி வைக்கிறோம். அரை மீட்டரில் வைத்தால் ஒரு மீட்டர் அகலக் காட்சியின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் வெளிச்சம் 9 மடங்கு மாறும். 2 மீட்டரில் வைத்தால் இரண்டேகால் மடங்குதான். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் துண்டைச் சாய்த்து வைத்தால், சக்கரங்களுக்கு மேலே ஓடும் ஃபுட்பிளேட் தகட்டுக்கு அடியில் வெளிச்சம் திரும்பி விழுந்து ஆரங்கள் தெரியும்.

அணைக்கவே முடியாத அரங்கமென்றால் எந்த விளக்கு என்று முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான எல்.இ.டி.யும் பழைய டியூப்லைட்டும் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் 1/50 நொடியோ அதைவிட மெதுவாகவோ இருந்தால் படத்தில் பட்டை விழாது.

லேஅவுட் உரிமையாளர்களிடம் சொல்லவேண்டிய சிலவற்றையும் உங்கள் மூலமாகவே சொல்கிறோம். எஞ்சினை நிறுத்தித்தான் எடுப்போம். மணிக்கு 30 மைலுக்கு ஈடான வேகத்தில் 00 எஞ்சின் நொடிக்கு 17 செ.மீ.க்கு மேல் நகர்கிறது. 1/50 நொடியில் மூன்றரை மி.மீ. இழுபட்டுவிடும். நிறுத்தும்போது சக்கரங்களை இணைக்கும் கப்ளிங் ராடு கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். சக்கரம் ஒவ்வொன்றும் தண்டவாளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் அரை மி.மீ. தூக்கல் கேமராவுக்குத் தப்பாது. 0.2 மி.மீ. தூசி அந்த உலகில் 15 மி.மீ. கல். ஒப்பனைக்குப் பயன்படும் மென்தூரிகையால் துடையுங்கள். வாயால் ஊதவேண்டாம், எச்சில் துளி படிந்து காயும். கேபினில் டிரைவரும் ஃபயர்மேனும் இல்லாமல் ஓடும் எக்ஸ்பிரஸ் பார்க்கவே மனதுக்கு ஒப்பவில்லை. முன்பக்கத்தில் மோதலைத் தாங்கும் இரண்டு பஃபருக்கும் மேலே ஒவ்வொரு விளக்கு இருந்தால் அது எக்ஸ்பிரஸ். புகைபோக்கிக்கு அடியில் ஒன்றே ஒன்று என்றால் சாதாரணப் பயணிகள் வண்டி. கடைசிப் பெட்டியில் சிவப்பு விளக்கு கட்டாயம். டெண்டரில் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கரி மின்னும்; அதன்மேல் நிஜக் கரியை நொறுக்கி ஒட்டினால் மின்னாது.

தண்டவாள அகலத்தைப் பற்றியும் ஒரு சொல். 00 அளவில் எஞ்சின் 1:76, தண்டவாளமோ 16.5 மி.மீ.; நியாயமாக 18.83 மி.மீ. இருக்கவேண்டும். இந்திய அகல ரயில்பாதையின் டபிள்யூ.பி. வகை நீராவி எஞ்சினை 1:87 அளவில் கட்டி அதே 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டுபவர்களுக்கு வித்தியாசம் இன்னும் கூடுதல்: 19.3 மி.மீ. இருக்கவேண்டிய இடம் அது. நேர் முன்னாலிருந்து எடுத்தால் எஞ்சின் ஒடுங்கிய காலில் நிற்பதுபோல் தெரியும். பக்கவாட்டிலிருந்து 30 பாகைக்குள், தாழ்வாக எடுத்தால் அது கண்ணில் படாது. ஆகவே நேர்முகப் படம் வேண்டுமென்று வற்புறுத்தாதீர்கள்.

புகை பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. புகை எண்ணெய் ஊற்றும் கருவியை நாங்கள் விரும்புவதில்லை. வருவது மெல்லிய ஆவி, மிஞ்சுவது தண்டவாளத்தில் எண்ணெய்ப் படலம். மென்பொருளில் பிறகு சேர்ப்பது மேல், ஆனால் எஞ்சினின் வேலையை அறிந்து சேர்க்கவேண்டும். நிற்கும் எஞ்சின் கரும்புகையைத் தூண்போல் கக்காது. சேஃப்டி வால்விலிருந்து ஒரு வெள்ளைக் கீற்று போதும். புறப்படும்போது சிலிண்டர் அடியிலிருந்து ஆவி சீறும். வெயிலும் வறட்சியுமான நாளில் புகைபோக்கி ஆவி கிட்டத்தட்டத் தெரியாது, குளிர்காலையில்தான் வெள்ளை மேகமாகத் திரளும். புகை பின்னால் சேர்த்தது என்று படத்தின் அடியில் எழுதிவிடுவது நேர்மை.

படக்குறிப்பில் ஆண்டைக் குறிப்பிடச் சொல்லுங்கள். பிரிட்டனின் ரயில்கள் 1948இல் அரசுடைமையாயின. அதன்பின் மார்க் 1 என்ற வகைப் பயணிகள் பெட்டிகள் 1951இல் வந்தன. 1935 என்று எழுதிவிட்டு மார்க் 1 பெட்டியைக் கோத்தால் தெரிந்தவர் கண் அங்கேயே தடுக்கும்.

எங்கள் தரப்பில் இவற்றுக்கு உறுதி கூறுகிறோம். உரிமையாளர் பக்கத்தில் இல்லாமல் லேஅவுட்டைத் தொடமாட்டோம். தோள்பையையும் கேமராப் பட்டையையும் கழற்றிவைத்துவிட்டே விளிம்புக்கு வருவோம். தொங்கும் பட்டை ஒரு சிக்னலைச் சாய்க்க ஒரு நொடி போதும். ஃப்ளாஷ் போடமாட்டோம். அமைக்க ஐந்து நிமிடம், அடுக்குப் படத்துக்கு மூன்று, சரிபார்க்க இரண்டு என்று ஒரு கோணத்துக்குப் பத்து நிமிடம் ஆகும்; ஒரு மணி நேரத்தில் ஒருவர் ஆறு கோணம் எடுக்கலாம். ஒரு லேஅவுட்டுக்கு ஒரு நேரத்தில் இருவருக்கு மேல் வேண்டாம். எடுத்த படங்களை முழு அளவில் உரிமையாளருக்கும் உங்களுக்கும் தருவோம்.

அடுத்த கண்காட்சியின் நேர அட்டவணை அச்சுக்குப் போகும் முன் உங்கள் முடிவைத் தெரிவித்தால், விளக்கையும் திரையையும் நாங்களே கொண்டுவருவோம்.

இப்படிக்கு,
நீராவிக் கால லேஅவுட்டுகளைப் படமெடுப்போர்