பொழுதுபோக்கு என்று எழுதிவிட்டீர்களே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில் நாடக வாத்தியாருக்குப் பொன்னாடை போர்த்திய செய்தியைப் போன வாரம் படத்தோடு போட்டிருந்தீர்கள். அதற்கு முதலில் நன்றி. நாலு பத்திச் செய்தியில் மூன்று பத்தி பொன்னாடை போர்த்தியவர்களின் பெயரும் பதவியும்தான். அதுகூடப் பரவாயில்லை, அவர்களும் நேரம் ஒதுக்கி வந்தவர்கள். ஆனால் வாத்தியாரைப் பற்றி இருந்த ஒரே வரியில், நெசவாளியான இவர் "பொழுதுபோக்காக" நாடகம் கற்றுக்கொடுத்து வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

ஐயா, குழித்தறியில் உட்காருகிறவனுக்குப் போக்குவதற்குப் பொழுது எங்கே இருக்கிறது? சென்னிமலைப் பக்கத்து நெசவு உங்களுக்குத் தெரியாததல்ல. விடிவதற்கு முன்னால் தறியில் இறங்கினால் இருட்டும்வரைக்கும் நாடாவும் மிதியும்தான். நெசவாளர் சங்கத்தில் பெட்ஷீட் போடுகிற நாளுக்கு முந்தின நாள் என்றால் சாப்பாடுகூடத் தறிக்குழிக்கே வரும். அதற்கப்புறம் ராத்திரி எட்டு மணிக்குத்தான் ஒத்திகை, அது முடிய நடுராத்திரி தாண்டி ஒரு மணி ஆகிவிடும். மறுபடி நாலு மணிக்கு எழுந்து தறியின் பாவு நூலைப் பார்க்க வேண்டும். இதை ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, 60 வருடமாகச் செய்திருக்கிறார். தூங்க வேண்டிய நேரத்தை எடுத்து ஊர்ப் பையன்களுக்குக் கொடுத்த மனிதரைப் பற்றிப் பொழுதுபோக்கு என்று எழுத எப்படி மனம் வந்தது?

நான் கேள்விப்பட்டதை எழுதவில்லை. 1973இல் எனக்கு ஒன்பது வயது. அரிச்சந்திரன் நாடகத்தில் அவன் மகன் லோகிதாசன் வேஷம் கொடுத்தார். தர்ப்பை அறுக்கப் போகிற பையனைப் பாம்பு கடித்து அவன் விழ வேண்டும், எனக்கு விழத் தெரியவில்லை. கையை ஊன்றிவிடுவேன். தறிக்கூடத்துத் தரையில் சாக்கை விரித்து மூன்று ராத்திரி விழுவதற்கு மட்டுமே சொல்லிக்கொடுத்தார். "முட்டி மடியட்டும், அப்புறம் இடுப்பு, கடைசியாத்தான் கண்ணு தலை" என்று அவரே முதலில் விழுந்து காட்டுவார். அரங்கேற்றத்தன்று பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நான் விழுந்ததைப் பார்த்த என் அம்மா, அதற்கப்புறம் ஒரு மாதம் என்னைத் தனியாக ஆட்டுக்குத் தழை ஒடிக்க அனுப்பவில்லை.

அரங்கேற்றத்துக்கு அவர் வாங்கியது வெற்றிலைத் தட்டில் வைத்த 101 ரூபாயும் ஒரு வேட்டி துண்டும். அதிலேயே ஆர்மோனியக்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் பஸ் செலவு கொடுத்துவிடுவார். கலைந்துபோன ஒரு நாடகக் கம்பெனியின் படுதாக்களைக் கடன் வாங்கித்தான் வாங்கினார். தெரு சீன், காட்டு சீன், தர்பார் சீன் மூன்றும் இன்னும் அவர் வீட்டுப் பரணில் இருக்கின்றன. தர்பார் சீனின் ஓரத்தை எலி கடித்துவிட்டது, அந்த இடத்தில் அவர் நெய்த பெட்ஷீட்டையே வெட்டி ஒட்டுப் போட்டிருக்கிறார். உங்கள் நிருபர் அந்த வீட்டுக்குப் போயிருந்தால் அதைப் பார்த்திருப்பார். அவர் மேடை ஓரத்தில் பத்து நிமிஷம் நின்று, படம் எடுத்துக்கொண்டு, கிளம்பிவிட்டார்.

கொங்கு நாட்டில் நாடகத்துக்கு என்ன மரபு இருக்கிறது என்று கேட்கிறவர்களும் உண்டு. சில வருடம் முன்பு உங்கள் இணைப்பிதழிலேயே அந்தத் தொனியில் ஒரு கட்டுரை வந்தது, அப்போதும் ஒரு கடிதம் எழுதினேன், போடவில்லை. நாடகக் கம்பெனி நடத்திய டி.கே.எஸ். சகோதரர்கள் 1944இல் நாடகக் கலை மாநாட்டை நடத்தியது ஈரோட்டில்தானே? 1965இல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் என்ற வெளிநாட்டுப் பெண்மணி உட்கார்ந்து, உடுக்கையடித்துப் பாடிய பொன்னர் சங்கர் கதையை, அதாவது அண்ணன்மார் கதையை, முழுசாக ஒலிநாடாவில் பதிவு செய்தார். கடல் தாண்டி வந்தவருக்கு இருந்த பொறுமை ஈரோட்டிலிருந்து வருகிற நமக்கு இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

2024இல் மேட்டுப்பாளையம் பக்கத்து பத்திரப்பன் ஐயாவுக்கு வள்ளி ஒயில் கும்மிக்காகப் பத்மஸ்ரீ அறிவித்தபோது எல்லாப் பத்திரிகையும் ஓடிப்போய் எழுதின. நாங்களும் இங்கே மிட்டாய் கொடுத்துக் கொண்டாடினோம். அப்போது அவருக்கு 87 வயது. பெண்களையும் களத்தில் இறக்கிக் கும்மி சொல்லிக்கொடுத்த பெரியவர். விருது வந்த பிறகுதான் கலை, வரும்வரைக்கும் பொழுதுபோக்கு என்றால், விருது வராத வாத்தியார்கள் என்ன செய்வார்கள்?

ராத்திரி 10 மணி விவகாரத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் நாடகம் தொடங்குவதே 10 மணிக்குத்தான், அது விடிய விடிய நடக்கிற நாடகம். 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், நாங்கள் மறுக்கவில்லை. திருவிழாக்களுக்காக வருடத்தில் 15 நாள் வரைக்கும் ராத்திரி 12 மணிவரை அரசு அனுமதி தரலாம் என்று அதே விதியில் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாத்தியார் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். இரண்டு வருடம் முன்பு பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். மயான காண்டம் இல்லாமல் அரிச்சந்திரன் நாடகம் உண்டா? சுடுகாட்டுக் காவலன் வேஷம் கட்டிய பையன் அரிதாரத்தோடு உட்கார்ந்து அழுதான். இதை ஒரு வரிகூட நீங்கள் போடவில்லை.

இப்போது ஏன் இத்தனை ஆத்திரம் என்றால், அவருக்கு வயது 81. கண்புரை ஆபரேஷனுக்கப்புறம் தறியில் உட்காருவதில்லை. நலிந்த கலைஞர்களுக்கு அரசு மாதம் தருகிற 3,000 ரூபாய்க்கு விண்ணப்பம் எழுதிக்கொடுத்தது நான்தான். கலைஞர் என்பதற்கு என்ன ஆதாரம், பத்திரிகைச் செய்தி ஏதாவது இருக்கிறதா என்று ஓர் அலுவலகத்தில் கேட்டார்கள். 60 வருடத்தில் அவரைப் பற்றி அச்சில் வந்தது உங்கள் செய்தி ஒன்றுதான். அதை வெட்டி வைத்தால், பொழுதுபோக்காகச் செய்கிறவர் என்று அதுவே சொல்கிறது. எந்த முகத்தோடு அதை நீட்டுவது?

வாத்தியாரிடம் படித்துக் காட்டினேன். "உடு கண்ணு, பேராச்சும் தப்பில்லாமப் போட்டிருக்காங்கல்ல" என்றார். அவர் விட்டுவிட்டார், என்னால் முடியவில்லை.

ஆகவே, அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, "60 வருடமாக நாடக ஆசிரியராக இருந்துவருகிறார்" என்று ஒரு திருத்தம் போடுங்கள். எந்தப் பக்கத்தின் மூலையில் வந்தாலும் சரி, தேதி தெரிகிற மாதிரி இருந்தால் போதும். விண்ணப்பத்தை அதுவரைக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் 40 வருட வாசகன்,
சென்னிமலை வட்டாரம்.