பாட்டர்ஸியிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. மாடிப்படி ஏற மட்டும் அவசரப்படாதே. மதினியைக் கேட்டதாகச் சொல். இங்கே எல்லோரும் சுகம்.

இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு லண்டனில் எப்படி ஓட்டுப் போட்டாய் என்று கேட்டிருந்தாய். காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் முறையான விசாவோடு இங்கே குடியிருந்தால் பெயர் சேர்த்துக்கொள்ளலாம். 2024 ஜூலை 4 அன்று நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் போட்டேன். முப்பது வருஷம் தேர்தல் வேலை பார்த்த உனக்கு இந்த ஊர் பூத்தைக் காட்ட வேண்டும். மிஷின் கிடையாது, விரலில் மையும் கிடையாது. நூலில் கட்டிய பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, சீட்டை மடித்துப் பெட்டியில் போடுகிறார்கள். இரவு பத்து மணிக்கு ஓட்டுப்பதிவு முடிந்ததும் எண்ண ஆரம்பித்து விடிவதற்குள் முடிவைச் சொல்லிவிடுகிறார்கள்.

உன் இன்னொரு கேள்விதான் என்னை நூலகத்துக்கே அனுப்பியது. "உங்கள் பாட்டர்ஸி தொகுதியில் நூறு வருஷத்துக்கு முன்பே ஓர் இந்தியர் ஜெயித்தாராமே, அத்தனை இந்தியர்களா அங்கே இருந்தார்கள்?" இல்லை சுந்தரம். அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் ரயில்வே யார்டு, கேஸ் கம்பெனி, மெழுகுவத்தித் தொழிற்சாலை என்று வேலை பார்த்த வெள்ளைக்காரத் தொழிலாளிகள்.

தொகுதி உருவானது 1885இல். முதல் எம்.பி. ஒரு தொழிற்சாலை முதலாளி. அடுத்து 1892இல் வந்த ஜான் பர்ன்ஸ் மெக்கானிக், 1889 துறைமுக வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர். 1905இல் மந்திரியும் ஆனார். 1914இல் இங்கிலாந்து போருக்குள் இறங்கியபோது அதை எதிர்த்து மந்திரி பதவியை விட்டு விலகினார். இந்த ஊருக்கே அந்தக் குணம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் நடத்திய போயர் போரை எதிர்த்த ஊர் இது. 1903இல் நகராட்சி தன் ஆட்களை வைத்தே கட்டிய தொழிலாளர் குடியிருப்பில் ஒரு தெருவுக்குப் போயர் தளபதி ஜூபேரின் பெயர், இன்னொன்றுக்குச் சுதந்திரத் தெரு என்று பெயர். மாலை நடைக்கு அந்தப் பக்கம்தான் போகிறேன்.

1918இல் தொகுதியை வடக்கு, தெற்கு என்று பிரித்தார்கள். வடக்குதான் ஏழைகள் பக்கம். பெண்கள் முதல்முதலாக நின்ற தேர்தலும் அதுதான். வடக்கில் நின்றவர் சார்லட் டெஸ்பார்ட் அம்மையார், 74 வயது. போரே கூடாது என்றவர். அவருடைய சொந்தத் தம்பி ஜான் ஃபிரெஞ்ச், போர் தொடங்கியபோது பிரான்சில் பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கியவர்! போரில் ஜெயித்த சூட்டில் நடந்த தேர்தல், அம்மையார் தோற்றுப்போனார்.

அப்புறம்தான் நம் ஆள். ஷாபூர்ஜி சக்லத்வாலா, பம்பாய்ப் பார்ஸி, ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் சகோதரி மகன். அந்தக் குடும்பத்தில் பிறந்தவர் கம்யூனிஸ்ட் ஆனார். அவருக்குத் தேர்தல் ஏஜெண்டாக இருந்தவர் ஜான் ஆர்ச்சர். அப்பா பார்படோஸ் தீவுக்காரர், அம்மா ஐரிஷ். 1913இல் பாட்டர்ஸி மேயரானவர், லண்டனில் மேயரான முதல் கறுப்பினத்தவர். இந்த இரண்டு பேரும் சேர்ந்து 1922இல் தொழிற்கட்சி (லேபர் கட்சி) ஆதரவோடு 2,021 ஓட்டில் ஜெயித்தார்கள். 1923இல் 186 ஓட்டில் தோல்வி. 1924இல் கம்யூனிஸ்டுகள் தன் பெயரில் நிற்கக் கூடாது என்று தொழிற்கட்சித் தலைமை சொல்லிவிட்டது. உள்ளூர்க்காரர்கள் அசையவில்லை, எதிராக யாரையும் நிறுத்தவும் இல்லை. நாடு முழுக்கச் சிவப்பு என்றாலே பயம் கிளப்பிவிட்டிருந்த அந்த நேரத்தில், வெளிப்படையாகக் கம்யூனிஸ்ட் என்று நின்று 15,096 ஓட்டு வாங்கினார். வித்தியாசம் 542.

நாடாளுமன்றத்தில் இந்தியாவுக்காக ஓயாமல் பேசினார். 1926 பொது வேலைநிறுத்தத்துக்குச் சற்று முன், மே தினத்தன்று ஹைட் பார்க்கில் பேசியதற்காக இரண்டு மாதம் சிறையில் இருந்தார். சொந்தத் தொகுதிக்காரர்களின் வீட்டுவாடகைப் பிரச்சினையையும் கடல் தாண்டி இருந்த இந்தியாவின் பிரச்சினையையும் ஒரே மூச்சில் பேசக்கூடிய மனிதர் என்பதால்தான் ஜனங்கள் நம்பினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

வருத்தம் இனிமேல்தான். கம்யூனிஸ்டுகளை வெளியேற்ற மறுத்ததற்காக 1926இல் உள்ளூர்த் தொழிற்கட்சிக் கிளையையே தலைமை நீக்கியது. 1929இல் தொழிற்கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளராக சாண்டர்ஸ் வந்தார். அவருடைய ஏஜெண்ட் யார் தெரியுமா? அதே ஜான் ஆர்ச்சர். சக்லத்வாலா 6,554 ஓட்டோடு மூன்றாம் இடத்துக்குப் போனார். ஆர்ச்சரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்சி உடைந்தால் ஊர் கன்சர்வேட்டிவ் கட்சி கைக்குப் போய்விடும் என்று அவர் பயந்திருக்கலாம். 1931இல் போகவும் செய்தது. ஆனாலும் அந்த வாக்கு எண்ணும் மண்டபத்தில் இருவரும் எதிரெதிர் மேசைப் பக்கம் நின்றிருப்பார்களே என்று நினைத்தால் தொண்டை அடைக்கிறது. 1932இல் ஆர்ச்சர் போனார், 1936இல் சக்லத்வாலா.

பிறகு வடக்கு நெடுங்காலம் தொழிற்கட்சியிடம்தான், டக்ளஸ் ஜே மட்டும் 1946 முதல் 1983 வரை. அந்த வருஷம் தொகுதிகள் மறுபடி ஒன்றானபோது வந்தவர் ஆல்ஃப் டப்ஸ். 1939இல் நாஜிகளிடமிருந்து காப்பாற்ற பிராகிலிருந்து ரயிலேற்றி அனுப்பப்பட்ட குழந்தைகளில் ஒருவர். 1987இல் 857 ஓட்டில் தோற்றார். ஆற்றங்கரையில் பணக்கார வீடுகள் வரத் தொடங்கியிருந்தன. மறுபடி கைக்கு வந்திருந்த தொகுதியில் 2005இல் தொழிற்கட்சி தப்பியது 163 ஓட்டில். நம் தெருவில் கல்யாணப் பந்தலில் உட்காரும் கூட்டம் அவ்வளவு இருக்கும். 2010இல் கன்சர்வேட்டிவ் கட்சிக்குக் கைமாறி, 2017இல் மார்ஷா டி கோர்டோவா மூலம் திரும்பி வந்தது. பார்வைக் குறைபாடு உள்ளவர் அவர், இன்றும் அவர்தான் எம்.பி.

இதையெல்லாம் படித்த நாளிலிருந்து எனக்குச் செல்லையா நினைப்பாகவே இருக்கிறது. சங்கம் இரண்டாகப் போன வருஷம் நானும் அவனும் பேச்சை நிறுத்தினோம், அப்படியே விட்டுவிட்டோம். அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று உனக்குத் தெரிந்திருக்கும். நம்பர் இருந்தால் அடுத்த கடிதம் வரை காத்திருக்காமல் உடனே அனுப்பு. நானே கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
கணபதி