உட்கார வைத்தால் கொடுமையா?

ஆசிரியருக்கு,

திறமையுள்ள இளம் பேஸ்பால் வீரர்களை மானேஜர்கள் அமுக்கி வைக்கிறார்கள் என்ற கட்டுரையை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் படித்தேன். யார் ஆடுவது, யார் உட்காருவது என்று ஆட்டத்துக்கு ஆட்டம் முடிவெடுக்கிற மனிதரை அவ்வளவு எளிதாகத் திட்டிவிட முடியாது.

1951-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு வந்த வில்லி மேஸுக்கு வயது 20. மட்டை பிடித்த முதல் 12 வாய்ப்புகளில் ஒரு ஹிட் கூட இல்லை, அதாவது அடித்து ஓடி ஓர் இடம்கூடப் பிடிக்கவில்லை. அடுத்தது பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் ஹோம் ரன். அப்புறம் மறுபடியும் வறட்சி. உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதார். மானேஜர் லியோ டுரோச்சர், 'நான் இருக்கும்வரை சென்டர் ஃபீல்டில் நீதான்' என்று சொல்லி அனுப்பினார். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் மேஸ்தான்.

அதே ஊர், அதே கோடை. யாங்கீஸ் அணியில் 19 வயது மிக்கி மேன்டில் தடுமாறினார். மானேஜர் கேசி ஸ்டெங்கல் அவரைக் கீழ்மட்ட அணிக்கு, கன்சாஸ் சிட்டிக்கு அனுப்பிவிட்டார். பையன் மனமுடைந்துபோக, சுரங்கத் தொழிலாளியான அப்பா வந்து 'சரி, மூட்டையைக் கட்டு, வீட்டுக்குப் போகலாம்' என்றாராம். ஒரு சில வாரங்களில் மேன்டில் திரும்பி வந்தார். அக்டோபரில், பட்டத்தை முடிவுசெய்யும் உலகத் தொடரில் மேஸும் மேன்டிலும் எதிரெதிரே நின்றார்கள். எந்த மானேஜர் தப்பு, சொல்லுங்கள்?

பந்து வீசும் பிட்சர்கள் விஷயம் வேறு. மட்டையில் வரும் சறுக்கல் தானாகச் சரியாகும், முழங்கை அப்படியில்லை. 1998-ல் சிகாகோ கப்ஸின் கெர்ரி வுட், 20 வயதில், ஒரே ஆட்டத்தில் 122 பந்து வீசி 20 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார், அதாவது பந்தைச் சரியாக அடிக்கவே விடாமல் வெளியேற்றினார். மறு ஆண்டு முழுக்க முழங்கை அறுவைச் சிகிச்சையில் போனது. அந்த ஓர் ஆட்டம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எண்ணிக்கையைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஏனென்றால், நியூஜெர்சியில் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் ஆடும் என் 12 வயது மகனின் அணிக்கு, வீசிய பந்துகளை எண்ணுகிறவள் நான். கையில் ஒரு சின்ன கிளிக்கர். அந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 85 பந்துதான் வரம்பு, 65-ஐத் தாண்டினால் நான்கு நாள் ஓய்வு. போன மாதம் என் மகன் 85 வீசி முடித்ததும் கையைத் தூக்கினேன். 'இன்னும் ஒரே ஒருத்தன்தான்' என்று பயிற்சியாளர் கெஞ்சினார். கிளிக்கரை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். பையனிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்டார்.

காரில் பையன் என்னோடு பேசவில்லை. ஐஸ் பையை மட்டும் வாங்கி முழங்கையில் வைத்துக்கொண்டான்.

– ஒரு வாசகி, நியூஜெர்சி