மில் கற்களின் மேல் ஒரு ஞாயிறு

மான்செஸ்டர்
அக்டோபர், திங்கள் இரவு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியும், கண் அறுவைக்குப் பிறகு உன் அப்பா மறுபடியும் தினசரியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறார் என்ற செய்தியும் மனத்தை நிறைத்தன. “ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே என்னதான் செய்கிறாய்?” என்று கேட்டிருந்தாய். நேற்றைய ஞாயிற்றுக்கிழமையை முழுதாகச் சொல்கிறேன். அப்பாவுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன், அது கடைசியில்.

நாங்கள் நான்கு பேர். எழுபதை நெருங்கும் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர். அவர்தான் எங்களுக்கு வழிகாட்டி. செவிலியராக இருக்கும் கோட்டயத்துப் பெண்மணி. நான் அண்ணன் என்று அழைக்கும் யாழ்ப்பாணத்து நண்பர். பிறகு நான். காலை ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ஈடேல் என்ற சிற்றூர் வந்துவிடும். இறங்கியவுடனே மலை கண்ணுக்கு நேராக நிற்கும்.

அதன் பெயர் கிண்டர் ஸ்கௌட். உயரம் 636 மீட்டர். நாம் கல்லூரி நாட்களில் மூங்கில் தடி ஊன்றி வெள்ளியங்கிரி ஏறியவர்கள். இது என்ன மலை என்று உனக்குத் தோன்றும். ஏறிப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டாய். இதற்குக் கூர்மையான உச்சி கிடையாது. மேலே போனால் பரந்த சமவெளி. அது முழுக்கப் பீட் என்கிற கறுப்புச் சதுப்பு மண். மூடுபனி இறங்கிவிட்டால் எந்தத் திசையும் ஒன்றுபோலவே இருக்கும். உச்சி எது என்று தெரியாத மலையில் வழி கண்டுபிடிப்பது வேறு வகையான கஷ்டம்.

ஜேக்கப்பின் ஏணி என்று பெயர் பெற்ற கற்படிகளில் ஏறினோம். பொதிக்குதிரைகள் சரக்கு ஏற்றிக் கடந்த பழைய பாதை அது. குதிரை வளைந்து வளைந்து ஏற, ஆள் மட்டும் நேராக ஏறிவிடலாம் என்று ஜேக்கப் என்ற உழவர் வெட்டிய படிகளாம். பாதி ஏறுவதற்குள் செவிலியர் அம்மா எங்கள் எல்லாரையும் முந்திவிட்டார். பன்னிரண்டு மணி நேரம் வார்டில் நின்று பழகிய கால்கள்.

மேலே போனதும் புதருக்குள்ளிருந்து ஒரு பறவை படபடவென்று எழுந்து கத்திக்கொண்டே தாழப் பறந்தது. கிரௌஸ் என்ற காட்டுக்கோழி. அதன் குரல் ‘திரும்பிப் போ, திரும்பிப் போ’ என்பதுபோலக் கேட்கும் என்பார்கள் இங்கே. ஓட்டுநர் அந்த இடத்தில்தான் நின்று கதையைச் சொன்னார். எனக்கு முன்பே ஓரளவு தெரியும். ஆனால் அந்தக் காற்றில் நின்று கேட்டது வேறாக இருந்தது.

இந்த மலை முன்பு பிரபுக்களுக்குச் சொந்தம். ஆண்டில் சில நாட்கள் கிரௌஸ் சுடுவதற்காக முழு மலையையும் பூட்டி வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் மான்செஸ்டர், மறுபக்கம் ஷெஃபீல்டு. இரண்டும் புகைபோக்கிகளின் நகரங்கள். வாரம் முழுதும் ஆலையில் உழைத்தவனுக்கு ஞாயிறு ஒரு நாள் நல்ல காற்று வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரத்தில் மலை இருக்கிறது, கால் வைக்கக் கூடாது. 1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு இளம் தொழிலாளர்கள் மறுபக்கத்து ஹேஃபீல்டு ஊரிலிருந்து தடையை மீறி ஏறினார்கள். முன்னால் நின்ற பென்னி ராத்மனுக்கு வயது இருபது. காவல்காரர்களோடு கைகலப்பு நடந்தது. ஐந்து பேரைச் சிறைக்கு அனுப்பினார்கள், இரண்டு முதல் ஆறு மாதம் வரை. சேகர், மலையில் நடக்கப் போய்ச் சிறை! நம் நாட்டில் உப்பு அள்ளியதற்காக உள்ளே போனவர்களின் காலம்தான் அது. இரண்டே ஆண்டு இடைவெளி.

1951இல் இந்தப் பகுதி பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது. திறந்த மலைகளிலும் தரிசுகளிலும் யாரும் நடக்கலாம் என்ற சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் வர 2000 வரை ஆனது. அண்ணன் எல்லாவற்றையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மட்டும் தமிழில் சொன்னார்: “எங்கட ஊரில பக்கத்துத் தெருவுக்குப் போறதுக்கும் அடையாள அட்டை வேணும் எண்டிருந்த காலம். இங்க வந்து முதல் ஆறு மாசம், வீட்டை விட்டு வெளிக்கிட்டா கை தானா சட்டைப் பைக்குப் போகும்.” நான் பதில் சொல்லவில்லை. அவர் தோளில் கை வைத்துக்கொண்டு சிறிது தூரம் நடந்தேன்.

கிண்டர் டவுன்ஃபால் என்ற அருவிவரை போனோம். சுமார் முப்பது மீட்டர் விழுகிற அருவி. மேற்கிலிருந்து பலத்த காற்று அடித்தால் விழும் நீர் திரும்ப மேலே எழும் என்று கேள்விப்பட்டிருந்தேன். நேற்றுப் பார்த்தேன். நீர் விளிம்பைத் தாண்டிக் கீழே போக முயல்கிறது, காற்று அதை அள்ளி எங்கள் முகத்திலேயே எறிகிறது. நான்கு பேரும் நனைந்துகொண்டே நின்றோம், நகர மனம் வரவில்லை.

இனி அந்தக் கற்களைப் பற்றி. சதுப்பு ஆழமாக உள்ள இடங்களில் பெரிய கற்பலகைகளை வரிசையாகப் பதித்துப் பாதை போட்டிருக்கிறார்கள். நடப்பவர்களின் கால்கள் மண்ணை அரித்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஒரு பலகையில் வட்டமாக ஒரு துளை, உள்ளே மழைநீர். மலையில் எதற்கு இவ்வளவு ஒழுங்கான துளை என்று கேட்டேன். இடித்த பஞ்சாலைகளின் தரைக்கற்கள் இவை, இயந்திரத்தை அசையாமல் பிணைத்த துளை அது என்றார் ஓட்டுநர். அவருடைய பாட்டி அப்படி ஒரு ஆலையில் நெசவாளி.

அந்த ஆலைகளின் புகைதான் மழையோடு இறங்கி இந்த மலையின் பாசியைக் கொன்று மண்ணை வெறுமையாக்கியது. இப்போது ஓடைகளுக்குக் குறுக்கே சிறு அணை கட்டி, பாசியைக் கைப்பிடி கைப்பிடியாக நட்டுப் பிழைக்க வைக்கிறார்கள். கொன்ற ஆலையின் கல்லே இன்று மண்ணைக் காக்கக் கிடக்கிறது. நான் அந்தக் கல்லைத் தாண்டிப் போக முடியாமல் குனிந்து உட்கார்ந்துவிட்டேன். நடுப்பகுதி வழுவழுவென்று தேய்ந்திருந்தது. ஆலைக்குள் தேய்ந்ததோ, பாதையில் தேய்ந்ததோ. கோவையில் உங்கள் வீட்டுத் திண்ணையும், இரவு ஷிப்ட் முடிந்து தலைமுடியில் பஞ்சுத் தூசியோடு அப்பா சைக்கிளை நிறுத்தும் ஓசையும் நினைவுக்கு வந்தன.

பிம் சேர், வுல்பேக்ஸ் என்ற விசித்திரப் பாறைகளின் வழியே திரும்பி இறங்கினோம். மூட்டை மூட்டையாகக் கம்பளி கிடப்பதுபோன்ற பாறைகள். கடைசி ஒரு மணி நேரம் முழங்காலுக்குத்தான் வேலை.

ஊருக்குள் வந்ததும் ஓல்டு நாக்ஸ் ஹெட். 1577ஆம் ஆண்டைத் தன் பிறப்பாகச் சொல்லும் பப். பென்னைன் வே என்ற 268 மைல் நடைபாதை ஸ்காட்லாந்து எல்லையைக் கடந்து போகிறதே, அதன் தொடக்கம் இந்த வாசல். மதுக்கடை என்றதும் உனக்கு நம் ஊர்க் கடையின் கம்பிக் கதவும் அவசரமும் நினைவுக்கு வரும். இது அப்படியில்லை. கணப்பில் தீ எரிகிறது. சேற்றுக் காலணிகளோடு குடும்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன. மேசைக்கடியில் ஈர நாய் ஒன்று தூங்குகிறது. ஒருவர் எழுந்து எல்லாருக்கும் வாங்கி வருவார், அடுத்த முறை அடுத்தவர், ரவுண்டு என்பார்கள். நான் குடிப்பதில்லை, உனக்குத் தெரியும். எனக்கு எலுமிச்சை கலந்த சோடா. ஏன் என்று இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் கேட்டதில்லை. என் முறை வரும்போது அவர்களுக்கான பியரை நான்தான் சுமந்து வருகிறேன். வினிகர் தெளித்த உருளைக்கிழங்கு வறுவல் நடுவில் வந்தது, நான்கு கைகளும் ஒரே தட்டில். அண்ணன் அன்று முழுவதும் பேசாததை எல்லாம் அங்கே பேசினார். அவருடைய பள்ளிக்கூடம், கிணற்றடி, அம்மா. கடைசி ரயிலுக்கு முந்தைய ரயிலைத் தவறவிட்டோம். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த கோடையில் நீ வரவேண்டும். டிக்கெட் என் பொறுப்பு. முழங்கால் வலி என்று எழுதியிருந்தாய். ஈடேலிலிருந்து ஓடையோரமாகப் போகும் சமமான பாதையும் இருக்கிறது, அது போதும்.

உறைக்குள் ஒரு புகைப்படம் வைத்திருக்கிறேன். அந்தக் கல்லும் துளையும். அளவு தெரிய வேண்டும் என்று பக்கத்தில் என் கையை வைத்து எடுத்தேன். அப்பா முப்பது ஆண்டு மில் ஃபிட்டர். அந்தத் துளையில் எந்த இயந்திரம் நின்றிருக்கும் என்று அவரால் சொல்ல முடியும் என்றே நினைக்கிறேன். கேட்டு எழுது.

அன்புடன்,
உன் ராஜு