காஷுவாலிட்டி நைட் டூட்டி சிஸ்டருக்கு, மனநல வார்டிலிருந்து

அன்புள்ள சிஸ்டர்,

தன்னைத்தானே அறுத்துக்கொண்டு வந்த அந்தப் பிள்ளை நேற்று வீட்டுக்குப் போய்விட்டாள். இந்த மூன்று வாரம் எப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியும். முதல் ராத்திரி நீங்கள் செய்ததைத்தான் சொல்லியாக வேண்டும்.

மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் மருந்தைப் போட்ட கையோடு தையல் ஊசியை எடுத்தவரிடம், "இன்னும் ரெண்டு நிமிஷம் பொறுங்க டாக்டர்" என்றீர்கள். பிறகு காயத்தின் ஓரத்தைத் தொட்டு, "மரத்துப்போச்சாம்மா? வலிச்சாச் சொல்லு" என்று கேட்டீர்கள். தானே அறுத்துக்கொண்டவர்களுக்கு வலித்தால்தான் புத்தி வரும் என்ற பேச்சு நம் தொழிலில் இன்னும் ஒழியவில்லை. அவளைப் போல பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு (உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையில்லாமல் ஆடும் மனநலக் கோளாறு) உள்ளவர்களுக்கு, எதிரே இருப்பவர் லேசாக முகம் சுளித்தாலே கைவிடப்போகிறார் என்று தோன்றிவிடும். கட்டுப் போடும்போது விழும் ஏச்சு அவமானமாகி, அடுத்த காயத்தில் கொண்டுபோய் விடும். அதற்காக உருகிப் போவதும் ஆகாது. காயம் பட்டால்தான் பக்கத்தில் வருவார்கள் என்று மனதில் பதிந்துவிடும். நீங்கள் சாதாரணக் குரலில், அடுத்து செய்யப்போவதை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி முடித்தீர்கள். "காலையில டூட்டி முடிஞ்சு எட்டரைக்கு வார்டுக்கு வரேன்" என்றீர்கள். எட்டரைக்கு வந்தும் நின்றீர்கள், அவள் அமைதியாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில். ஒன்றும் நடக்காத நேரத்திலும் ஆள் வரும் என்பதை அன்றுதான் அவள் பார்த்தாள். இந்தக் கோளாறுக்கென்று தனி மாத்திரை கிடையாது. இப்படிப்பட்ட கவனிப்பைத்தான் நம்பியிருக்கிறோம்.

சேர்த்து வைத்து விழுங்கிவிடக் கூடாதென்று மாத்திரையை ஒரு வாரத்துக்கு மேல் மொத்தமாகக் கொடுக்காத ஃபார்மசி அண்ணனுக்கும், டிஸ்சார்ஜ் தேதியை ஒரு வாரம் முன்பே சொல்லி அவளைத் தயார்படுத்திய சைக்காலஜிஸ்ட்டுக்கும், கேட்டபோதெல்லாம் ஐஸ் தண்ணீர் கொண்டுவந்த ஆயாம்மாவுக்கும் நன்றி. மூச்சைப் பிடித்து அரை நிமிடம் முகத்தை அந்த ஐஸ் தண்ணீரில் வைத்தால் நெஞ்சுப் படபடப்பு இறங்கும். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் இந்தக் கோளாறுக்காக வகுத்த டிபிடி என்ற பேச்சுச் சிகிச்சைப் பயிற்சியில் உள்ள முறை. இதயக் கோளாறு இருப்பவர்களுக்கு மட்டும் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

ஒரு ஷிஃப்ட்டில் 'சரி', அடுத்த ஷிஃப்ட்டில் 'கூடாது' என்று நாங்கள் சொன்ன நாட்களில்தான் வார்டு கொந்தளித்தது. நல்ல சிஸ்டர், கெட்ட சிஸ்டர் என்று அவள் பிரித்ததாகக் குறைபட்டோம். பிரிந்து நின்றது நாங்கள்தான். இனி ஷிஃப்ட் மாறும்போது எழுதும் ஹேண்டோவர் நோட்டில் 'நாடகம்' என்ற சொல்லை யாரும் எழுதமாட்டோம். இன்றிலிருந்து அதில் ஒரு கட்டம் கூடுதல்: யார், எத்தனை மணிக்கு வருவதாகச் சொன்னார், வர முடியாமல் போனால் முன்கூட்டியே போய்ச் சொல்லப்போவது யார்.

அன்புடன்,
மனநல வார்டு செவிலியர்கள்